கற்பனை வானின் கலங்கள் – 6: முதலில் இறக்கை, பிறகு காரணம்

யாவின் தளத்திலிருந்து கிளம்பிய கிளர்ச்சிப் படை, பேரரசின் கோள வடிவப் போர் நிலையமான டெத் ஸ்டாரை நெருங்குகிறது. தாக்குதல் நிலைக்கு மாறும்படி அணித் தலைவன் உத்தரவிடுகிறான். அதுவரை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த இறக்கைகள் மேலும் கீழுமாகப் பிளக்கின்றன. முன்னாலிருந்து பார்த்தால் ஒவ்வொரு விமானமும் பெருக்கல் குறியாக நிற்கிறது. 1977 மே 25 அன்று அமெரிக்காவில் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் இந்தக் காட்சி ஓடுவது சில விநாடிகள்தான். எக்ஸ்-விங் என்ற பெயர் ஒரு தலைமுறையின் மனதில் ஒட்டிக்கொள்ள அதுவே போதுமானதாக இருந்தது.

இறக்கை எதற்காக விரிகிறது? படத்தில் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவும் இல்லை. விண்வெளியில் காற்று கிடையாது. இறக்கையே தேவைப்படாத இடத்தில் நான்கு இறக்கைகள்! பீரங்கிகளுக்கு நடுவில் இடைவெளி கூட்டுவதற்காக, எஞ்ஜின் வெப்பத்தை வெளியேற்றுவதற்காக என்று இன்று ரசிகர்கள் ஒப்பிக்கும் விளக்கங்கள் எல்லாம் படம் வந்த பிறகு கையேடு எழுதியவர்கள் யோசித்துச் சேர்த்தவை. படம் எடுத்தவர்கள் விரித்ததற்குக் காரணம், விரித்தால் பார்க்க நன்றாக இருந்தது. எக்ஸ்-விங்கின் வரலாற்றில் இந்த வரிசை மாறவே இல்லை. வடிவம் முன்னால் பறக்கும், காரணம் பின்னால் ஓடிவரும்.

சென்ற இதழில் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யின் கலங்களைப் பார்த்தோம். அந்தப் படத்தில் பணியாற்றிய காலின் கான்ட்வெல்தான் இந்த வாரக் கதையின் முதல் ஆள். 1969-ல் அப்போலோ 11 நிலவில் இறங்கிய அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் வால்டர் குரோன்கைட் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பின்னணியில் இருந்து விவரங்களைத் தந்துகொண்டிருந்தவர் இவர். நிஜ விண்கலம் எப்படி நகரும் என்று நன்றாகவே தெரிந்த மனிதர். அவரைத்தான் 1974 இறுதியில் ஜார்ஜ் லூக்காஸ் தேடிப் பிடித்தார். அப்போது லூக்காஸிடம் இருந்தது அடித்துத் திருத்திக்கொண்டிருந்த திரைக்கதை மட்டும். ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் படத்துக்கு முழு ஒப்புதல் தந்தது 1975 டிசம்பரில்தான். அதற்கு ஒரு வருடம் முன்பே, கடையில் விற்கும் பிளாஸ்டிக் கிட்களை வாங்கி அறுத்து ஒட்டி, கலங்களின் முதல் மாடல்களைச் செய்யத் தொடங்கிவிட்டார் கான்ட்வெல்.

கலம் ஒவ்வொன்றும் திரையில் தங்குவது கண்ணிமைக்கும் நேரம். அதற்குள் இது நம் ஆள், அது எதிரி என்று கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் தெரிந்துவிட வேண்டும். ஆகவே நிழலுருவத்திலேயே இரண்டும் வேறுபட்டாக வேண்டும். எதிரிக்கு ஒரு பந்தும் இரண்டு பலகைகளும். நாயகனுக்கு என்ன? பிரிட்டிஷ் மதுக்கடைகளில் பலகையை நோக்கி எறிவார்களே அந்த டார்ட் அம்பு, அதிலிருந்துதான் யோசனை பிறந்தது என்று கான்ட்வெல் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒல்லியான உடல், கூர் மூக்கு, வாலில் நான்கு சிறகு. அம்பின் சிறகு மூடித் திறக்காது. இதில் மூடித் திறந்தது. சலூனுக்கு வெளியே கௌபாய் துப்பாக்கியை உருவுவதைப் போல அந்த அசைவு இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆக, இறக்கை விரிவது பொறியியல் தேவையால் அல்ல, சண்டைக்குத் தயார் என்று உடம்பாலேயே சொல்லும் ஒரு பாவனை. நாட்டியத்தில் அபிநயம் என்று ஒன்று உண்டே, கிட்டத்தட்ட அதுதான்.

எக்ஸ்-விங் புகழ்பெற்ற போர்க்களத்தைப் படைத்ததிலும் கான்ட்வெல்லுக்குப் பங்கு உண்டு. அது தற்செயலாக வந்தது. டெத் ஸ்டாருக்காக அவர் இரண்டு அரைக்கோளங்களை வார்த்தார். பிளாஸ்டிக் ஆறியபோது அவை சேரும் விளிம்பு சுருங்கி, நடுவில் பள்ளம் விழுந்தது. அதை நிரப்பித் தேய்த்துச் சரிசெய்ய வெகு நாள் பிடிக்கும். அதற்குப் பதிலாக அங்கே ஓர் அகழி இருப்பதாக வைத்துக்கொண்டால் என்ன என்று அவர் லூக்காஸிடம் கேட்டார். லூக்காஸுக்குப் பிடித்துப்போனது. வார்ப்பில் விழுந்த அந்தக் குறைதான் கடைசியில் படத்தின் உச்சக்கட்டம் நடக்கும் இடமானது.

அடுத்து ரால்ஃப் மெக்குவாரி. போயிங் நிறுவனத்தில் தொழில்நுட்ப ஓவியராக இருந்தவர். அவருடைய வண்ண ஓவியங்களைக் காட்டித்தான் லூக்காஸ் ஃபாக்ஸ் நிறுவனத்துக்கு நம்பிக்கை ஊட்டினார். மெக்குவாரி வரைந்த எக்ஸ்-விங்கில் ஒரு விசித்திரம் இருந்தது. இறக்கை விரியும்போது எஞ்ஜினும் இரண்டு அரைவட்டமாகப் பிளந்தது. அந்த யோசனை 1977 படத்தில் இடம்பெறவில்லை. ஆனால் காணாமலும் போகவில்லை. அது பிறகு வரும்.

ஓவியம் அழகாக இருந்தால் போதாது, அதைச் செய்து கம்பியில் மாட்டிப் படம் பிடிக்கவும் முடிய வேண்டும். அந்த வேலை ஜோ ஜான்ஸ்டனிடம் வந்தது. கான்ட்வெல்லின் ஒல்லியான மாடலுக்கு ஜான்ஸ்டன் சதை போட்டார். உடல் கனத்தது, எஞ்ஜின்கள் தெளிவாக நான்காக நின்றன, இறக்கை நுனி ஒவ்வொன்றிலும் நீண்ட பீரங்கிக் குழாய் முளைத்தது. இன்று உலகம் முழுவதும் குழந்தைகள் கிறுக்கும் எக்ஸ்-விங் இவர் வரைந்து முடித்ததுதான்.

ஜான்ஸ்டனின் இந்த வேலை நடந்தது லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே வான் நைஸில் ஒரு கிடங்கில். 1975 மே மாதம் லூக்காஸ் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கின் முதல் முகவரி அது. மாடல் பட்டறைக்குத் தலைவர் கிராண்ட் மெக்கூன். அங்கிருந்த இளைஞர்கள் டாங்கி, போர்க்கப்பல், ரேஸ் கார் கிட்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்து, உறுப்பு உறுப்பாகக் கழற்றிக் கலங்களின் மேல் ஒட்டினார்கள். அந்தச் சில்லறைத் துண்டுகளுக்குப் பட்டறைப் பெயர் கிரீப்ளி. எதற்கு என்று கேட்டால் பதில் இருக்காது, ஆனால் அங்கே ஏதோ இயந்திரம் வேலை செய்கிறது என்று கண் நம்பிவிடும். பிறகு மேலே கறை, கீறல், புகை படிந்த தடம். லூக்காஸுக்குப் பளபளப்பு வேண்டாம். பத்துச் சண்டை பார்த்து வந்த வண்டி மாதிரி இருக்க வேண்டும். அதுவரை வந்த பெரும்பாலான விண்வெளிப் படங்களில் கலங்கள் அன்றுதான் ஷோரூமிலிருந்து எடுத்து வந்தவை போல மின்னின. இந்த அழுக்குதான் எக்ஸ்-விங்கை அவற்றிலிருந்து பிரித்துக் காட்டியது.

மாடல்கள் சுமார் அரை மீட்டர் நீளம். நெருங்கிப் படம் பிடிக்க வேண்டியவற்றில் இறக்கையைத் திறக்கச் சிறு மோட்டார், எஞ்ஜின் ஒளிர ஒளியிழை. வெடித்துச் சிதறுவதற்கென்றே செய்தவை தனி. அவற்றில் இந்த நுணுக்கம் எதுவும் கிடையாது.

நிறத்திலும் ஒரு கதை உண்டு. நாயகன் லூக் ஸ்கைவாக்கரின் அழைப்புப் பெயர் முதலில் சிவப்பு ஐந்து அல்ல, நீலம் ஐந்து. படத்துக்கு முன்பே, 1976 இறுதியில் ஆலன் டீன் ஃபாஸ்டர் எழுதி லூக்காஸ் பெயரில் வெளியான நாவலில் இன்னும் நீல அணிதான் பறக்கிறது. மாடல்களைப் படம் பிடிப்பதோ நீலத் திரைக்கு முன்னால். கலத்தில் நீலக் கோடு இருந்தால் திரையோடு சேர்ந்து அந்தக் கோடும் மறைந்து ஓட்டை விழும். எனவே அணி சிவப்பானது. அவனுடைய ரோபோ ஆர்2-டி2வின் நீலப் பட்டைகளுக்கும் இதே சிக்கல். விண்வெளிக் காட்சிகளில் எக்ஸ்-விங்கின் முதுகில் தலை நீட்டும் ஆர்2வை உற்றுப் பாருங்கள், பட்டைகள் கறுப்பாக இருக்கும்.

அரை மீட்டர் பிளாஸ்டிக்கை எப்படிப் பறக்க விடுவது? ‘2001’ படத்தில் கலங்கள் கம்பீரமாக, மெதுவாக நகர்ந்தன. எக்ஸ்-விங் பாய வேண்டும், புரள வேண்டும், கேமராவைத் தாண்டிச் சீறிப் போக வேண்டும். ஜான் டைக்ஸ்ட்ரா தலைமையிலான குழு கண்ட வழி, மாடலை நிறுத்திவிட்டுக் கேமராவை ஓட்டுவது. தண்டவாளத்தில் நகரும் கேமராவின் ஒவ்வோர் அசைவையும் மின்னணு நினைவகத்தில் பதிந்துகொண்டார்கள். அதே அசைவை எத்தனை முறை வேண்டுமானாலும் இம்மி பிசகாமல் திருப்பி ஓட்டலாம். ஒரு முறை கலத்துக்கு, ஒரு முறை எஞ்ஜின் ஒளிக்கு, ஒரு முறை பின்னணிக்கு என்று தனித்தனியாக எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அந்தக் கருவிக்கு டைக்ஸ்ட்ராஃப்ளெக்ஸ் என்று பெயர். கருவி தயாராவதற்கே காலம் ஓடிவிட்டது. லூக்காஸ் இங்கிலாந்தில் நடிகர்களை வைத்துப் படம் பிடித்துத் திரும்பி வந்தபோது, பட்டறை பாதிப் பணத்தைத் தின்றுவிட்டுக் கையில் வைத்திருந்தது நான்கே ஷாட்டுகள். அவையும் அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு நடந்த ஓட்டத்தை விவரித்தால் இந்த இதழ் போதாது. முன்னூற்று அறுபதுக்கும் மேற்பட்ட விளைவுக் காட்சிகள் முடிந்தன, 1978-ல் ஆஸ்கர் கிடைத்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனி வருவதுதான் எக்ஸ்-விங்கின் உயிர்நாடி.

காட்சிகள் தயாராகும் முன்பே சண்டையை வெட்டி ஒட்டிப் பார்க்க லூக்காஸுக்கு ஏதாவது படம் வேண்டியிருந்தது. அவர் தொலைக்காட்சியில் வந்த பழைய போர்ப் படங்களிலிருந்து விமானச் சண்டைகளைப் பதிவுசெய்து, ஒரு சுருளாகத் தொகுத்தார். இரண்டாம் உலகப் போரின் விமானம் ஒன்று இடமிருந்து வலமாகச் சரிந்து பாய்ந்தால், அதே இடத்தில் எக்ஸ்-விங்கும் அப்படியே சரிந்து பாயும். விளைவுக் கலைஞர்களுக்கு அந்தச் சுருள்தான் இலக்கணம். எடிட்டிங் மேசையில் விண்கலம் வந்து சேரும்வரை அந்தப் பழைய விமானங்களே அதன் இடத்தில் பறந்துகொண்டிருந்தன. காற்றே இல்லாத இடத்தில் எக்ஸ்-விங் ஏன் திரும்பும்போது ஒருபக்கம் சாய்கிறது என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. விமானம் சாய்வது, இறக்கையின் தூக்குவிசையைத் திரும்பும் பக்கம் இழுத்துக்கொள்ள. எக்ஸ்-விங் சாய்வது, ஏதோ ஒரு பழைய விமானம் சாய்ந்ததால்.

அந்தப் படங்களில் முக்கியமானது மைக்கேல் ஆண்டர்சன் இயக்கிய ‘தி டாம் பஸ்டர்ஸ்’ (1955). அதன் கதை நிஜம். 1943 மே 16 இரவு, பிரிட்டிஷ் விமானப்படையின் 617-வது அணியிலிருந்து 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் ஜெர்மனியின் அணைகளை உடைக்கக் கிளம்பின. பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த குண்டு, நீரின் மேல் தத்தித் தத்திப் போய் அணைச் சுவரில் மோத வேண்டும். அதற்கு விமானம் நீருக்கு மேலே வெறும் 60 அடி உயரத்தில், நேர்கோட்டில், விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் முகத்துக்கு நேரே பறந்தாக வேண்டும். முதலில் போனவர்களின் குண்டுகள் அணையை உடைக்கவில்லை. அடுத்து வருபவனைக் காப்பாற்ற மற்றவர்கள் பக்கவாட்டில் பறந்து சூட்டைத் தங்கள் மேல் வாங்கினார்கள். மோனே, ஈடர் என்ற இரு அணைகள் உடைந்தன. எட்டு விமானங்கள் திரும்பவில்லை. அவற்றில் சென்ற 53 பேர் இறந்தார்கள்.

இதை டெத் ஸ்டாரின் அகழியோடு ஒப்பிட்டால் எதுவும் விளக்க வேண்டியிருக்காது. குறுகிய நேர்ப்பாதை, இரு பக்கமும் பீரங்கி, சாதாரண ஆயுதம் உதவாத இலக்கு, அதற்கென்று ஒரு தனி ஆயுதம், முதலில் போனவனின் தோல்வி, லூக்குக்குக் காவலாகப் பின்னால் பறக்கும் சக விமானிகள் வெட்ஜும் பிக்ஸும். ‘டாம் பஸ்டர்ஸ்’ படத்தின் விளைவு ஒளிப்பதிவில் பணியாற்றிய கில்பர்ட் டெய்லர்தான் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ஒளிப்பதிவாளர் என்பது கூடுதல் தகவல். 1964-ல் வந்த ‘633 ஸ்குவாட்ரன்’ படத்தில் மொஸ்கிட்டோ விமானங்கள் நார்வேயின் குறுகிய கடற்கழியில் மலைச்சுவர்களுக்கு இடையே பாய்வதும் இதில் கலந்திருக்கிறது.

அணைத் தாக்குதலில் இன்னொரு விவரம் உண்டு. குண்டை எந்தத் தொலைவில் விடுவது என்று கணிக்க, இருந்த நவீனக் குறிபார்க்கும் கருவிகள் எதுவும் பயன்படவில்லை. மரத்துண்டில் ஒரு துளை, எதிரே இரண்டு ஆணி. துளை வழியாகப் பார்க்கும்போது இரண்டு ஆணிகளும் அணையின் இரண்டு கோபுரங்களோடு பொருந்தினால் குண்டை விட வேண்டியதுதான். கடைசி நொடியில் கணினியை ஒதுக்கிவிட்டுக் கண்ணையும் உள்ளுணர்வையும் நம்பும் லூக்கை ஆன்மிகமாகவே பார்த்துப் பழகியவர்கள், இந்த ஆணிகளையும் ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம்.

படத்தின் கணினி வரைபடமும் குறிப்பிடத்தக்கது. தாக்குதலுக்கு முன் தளபதி டொடோனா விமானிகளுக்கு அகழியைக் கோட்டுருவமாகக் காட்டி, இரண்டே மீட்டர் அகலமுள்ள துவாரத்தை விளக்குகிறார். அந்த அசைவூட்டத்தைச் சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கணினியில் உருவாக்கியவர் லாரி கியூபா. அவருக்குக் கிடைத்தது பழைய வரைபடம் போலிருக்கிறது. டெத் ஸ்டாரின் பீரங்கிக் கிண்ணம் அதில் நடுக்கோட்டிலேயே இருக்கிறது, படத்தின் மற்ற இடங்களில் மேலே இருக்கிறது. படம் வெளியாகி இத்தனை ஆண்டுகளாக அந்தத் தவறு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

எக்ஸ்-விங் திரையில் பறந்தாகிவிட்டது. இனி அது எப்படிப் பறக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும்.

அந்த வேலையை மும்முரமாகச் செய்தது ஒரு விளையாட்டு நிறுவனம். 1987-ல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ், மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ‘ஸ்டார் வார்ஸ்’ பாத்திர விளையாட்டை வெளியிட்டது. கூடவே ஒரு தகவல் கையேடு. விளையாடுபவன் கேள்வி கேட்பான். இந்தக் கலம் எத்தனை மீட்டர்? எவ்வளவு அடி தாங்கும்? யார் தயாரித்தது? பதில் இல்லாமல் ஆட முடியாது. கையேட்டின்படி டி-65 எக்ஸ்-விங்கின் நீளம் 12.5 மீட்டர். தயாரிப்பு இன்காம் நிறுவனம். பேரரசு அந்த நிறுவனத்தைக் கையகப்படுத்தியபோது, அதன் தலைமை வடிவமைப்பாளர்கள் வரைபடங்களையும் மாதிரிக் கலங்களையும் எடுத்துக்கொண்டு கிளர்ச்சியாளர்கள் பக்கம் தாவிவிட்டார்கள். காசில்லாத கிளர்ச்சிப் படைக்கு இவ்வளவு நல்ல போர் விமானம் எப்படிக் கிடைத்தது என்ற ஓட்டை இப்படி அடைபட்டது. 1991-ல் ‘ஏர் டு தி எம்பயர்’ நாவலை எழுதிய டிமதி ஸானுக்குக் குறிப்புநூலாகக் கொடுக்கப்பட்டவை இந்த விளையாட்டுக் கையேடுகளே. கதை கையேடாகி, கையேடு திரும்பவும் கதையானது.

கையேடுகள் கட்டியெழுப்பிய எக்ஸ்-விங் இப்படித்தான்: நான்கு எஞ்ஜின், இறக்கை நுனிகளில் நான்கு லேசர் பீரங்கி, உடலின் இரு பக்கமும் புரோட்டான் டார்பிடோக் குழாய், மொத்தம் ஆறு டார்பிடோ, கேடயம், நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவும் ஹைப்பர்டிரைவ், முதுகில் ஓர் அஸ்ட்ரோமெக் ரோபோ. எதிரியின் டை ஃபைட்டருக்குக் கேடயமும் கிடையாது, ஹைப்பர்டிரைவும் கிடையாது. இலேசானது, வேகமானது, ஒரு குண்டுக்குத் தாங்காது. பசிபிக் போர் வரலாறு படித்தவர்களுக்கு இது பழைய கதை. ஜப்பானின் ஜீரோ விமானமும் எடையைக் குறைப்பதற்காக விமானிக்குக் கவசத்தட்டும், துளை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் இல்லாமல்தான் களமிறங்கியது. அமெரிக்க விமானங்கள் கனமானவை, ஆனால் அடிபட்டும் வீடு திரும்பும்.

அஸ்ட்ரோமெக்கும் அப்படியே. ஓடும் கலத்தைப் பழுது பார்ப்பது, தாவலுக்குப் பாதை கணிப்பது. மொஸ்கிட்டோவில் விமானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த வழிகாட்டியின் வேலையையும், லங்காஸ்டரின் விமானப் பொறியாளர் வேலையையும் ஒரே உருளை உடம்பில் போட்டு முதுகில் செருகிவிட்டார்கள்.

விரியும் இறக்கைக்குச் சொல்லப்பட்ட இரண்டு விளக்கங்களையும் சற்று நிறுத்திப் பார்க்கலாம். முதலாவது பீரங்கி இடைவெளி. இது ஸ்பிட்ஃபயர் விமானிகளின் பழைய தலைவலி. இறக்கைகளில் தள்ளித் தள்ளி இருக்கும் துப்பாக்கிகளைச் சற்று உள்நோக்கித் திருப்பி, குறிப்பிட்ட தூரத்தில் குண்டுகள் சந்திக்குமாறு அமைப்பார்கள். தொடக்கத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அந்தத் தூரத்தை 400 கெஜமாக வைத்தது. அனுபவம் கண்ட விமானிகள், முக்கியமாக ‘செய்லர்’ மாலன், அதை 250 கெஜமாகக் குறைத்தார்கள். நெருங்கிச் சுட்டால்தான் எதிரி விழுவான் என்பது அவர்கள் பாடம். எக்ஸ்-விங்கின் பீரங்கிகள் விமானியிடமிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி நான்கு மூலைகளில் இருக்கின்றன. குறித்த தூரத்தில் நான்கும் ஒரு புள்ளியில் கூடினால் அடி பலமாக இருக்கும். அந்தத் தூரம் தப்பினால் இலக்கு நான்கு கதிர்களுக்கும் நடுவே நழுவிவிடும். இறக்கை விரிந்தால் குறி துல்லியமாகும் என்பது ஆகவே பாதி உண்மைதான்.

இரண்டாவது விளக்கம் வெப்பம். கேட்டதும் சால்ஜாப்பு போலத் தோன்றும் இதுதான் இரண்டில் உறுதியானது. வெற்றிடத்தில் வெப்பத்தை அள்ளிச் செல்லக் காற்று இல்லை. கதிர்வீச்சாக மட்டுமே அது வெளியேற முடியும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் சூரியத் தகடுகளோடு சேர்த்து, அம்மோனியா ஓடும் பெரிய வெப்பம் உமிழும் தகடுகளையும் விரித்து வைத்திருப்பது இதற்காகவே. மூடிய இரண்டு இறக்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தால், ஒன்று உமிழும் வெப்பத்தை மற்றது வாங்கிக்கொள்ளும். பிரிந்துவிட்டால் நான்கு பரப்புகளும் குளிர்ந்த வெளியைப் பார்க்கும். பீரங்கி முழங்கும் சண்டையில்தான் வெப்பம் அதிகம், விரிப்பதும் அப்போதுதான். கௌபாய் துப்பாக்கியை உருவும் அழகுக்காக வைத்த அசைவு, இயற்பியலோடு இவ்வளவு நன்றாக ஒத்துப்போவது எதிர்பாராத அதிர்ஷ்டம்.

மற்றபடி கறாராகச் சொன்னால் எக்ஸ்-விங் நல்ல விமானம், சுமாரான விண்கலம். எல்லா எஞ்ஜின்களும் பின்னோக்கியே இருக்கின்றன. நிற்க வேண்டுமென்றால் என்ன செய்யும்? இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர்கள் 1990-களில் வந்த ‘பாபிலோன் 5’ தொலைக்காட்சித் தொடர்க்காரர்கள். அதன் ஸ்டார்ஃபியூரி கலமும் பெருக்கல் குறி வடிவம்தான். ஆனால் நான்கு கைகளின் நுனியிலும் முன்னும் பின்னும் உந்தும் எஞ்ஜின்கள். ஓடும் திசை மாறாமலே சுழன்று திரும்பி, துரத்தி வருபவனை நேருக்கு நேர் சுடும். பொறியாளர்கள் மெச்சினார்கள். ஆனால் பிள்ளைகள் கையில் பிடித்து வீட்டுக் கூடத்தில் ஓட்டியது எக்ஸ்-விங்கைத்தான்.

எக்ஸ்-விங்கை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு 1993-ல் வந்தது. லூக்காஸ் ஆர்ட்ஸ் வெளியிட்ட ‘எக்ஸ்-விங்’ கணினி விளையாட்டை உருவாக்கியவர்கள் லாரன்ஸ் ஹாலண்டும் எட்வர்ட் கில்ஹமும். ஹாலண்டின் முந்தைய விளையாட்டுகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். 1988-ல் ‘பேட்டில்ஹாக்ஸ் 1942’, அதில் ஜீரோவை எதிர்த்து வைல்ட்கேட். அடுத்தது பிரிட்டன் வான்போர் பற்றியது. அதற்கடுத்தது ஜெர்மன் விமானப்படையின் ரகசிய ஆயுதங்கள் பற்றியது. இரண்டாம் உலகப் போர் விமானங்களை ஐந்தாண்டுகள் கணினியில் பறக்கவிட்ட மனிதரிடம்தான், அந்த விமானங்களைப் பார்த்து அசைந்த கலம் வந்து சேர்ந்தது. அவருக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகம் இருந்திருக்காது.

அந்த விளையாட்டின் சாமர்த்தியம் மின்சாரக் கணக்கில் இருந்தது. கலத்தின் ஆற்றல் ஒன்றுதான். அதை எஞ்ஜின், பீரங்கி, கேடயம் மூன்றுக்கும் விமானிதான் பங்கிட வேண்டும். கேடயத்துக்கு ஊட்டினால் வேகம் குறையும், வேகம் கூட்டினால் பீரங்கி பட்டினி கிடக்கும். கேடயத்தை முன்பக்கம் குவித்து நேரே பாய்ந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு டை ஃபைட்டர் சுட்டுவிட்டுப் போகும். படத்தில் ஒரு வசனத்தில் கடந்துபோன விஷயம், இங்கே விரல்நுனியில் தீர்மானிக்க வேண்டிய விஷயமானது. எக்ஸ்-விங்கின் ‘திறன்கள்’ என்று இன்று பேசப்படுவதில் பெரும்பகுதியை ரசிகர்கள் உணர்ந்து கற்றது திரையரங்கில் அல்ல, இந்த விசைப்பலகையில்தான். 2020-ல் வந்த ‘ஸ்குவாட்ரன்ஸ்’ விளையாட்டும் இதே பங்கீட்டு முறையைக் கையாள்கிறது.

2015-ல் ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்துக்காகப் புது மாடல் தேவைப்பட்டது. பெயர் டி-70. வடிவமைப்பாளர்கள் புதிதாக யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளாமல் மெக்குவாரியின் ஓவியத்தை எடுத்தார்கள். இறக்கை மூடியிருந்தால் முழு வட்டம், விரிந்தால் இரண்டு அரைவட்டம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட எஞ்ஜின் கதையில் இப்போது அடுத்த தலைமுறைத் தொழில்நுட்பம் ஆகிவிட்டது.

அதற்கடுத்த ஆண்டின் ‘ரோக் ஒன்’ இன்னும் ஒரு படி மேலே போனது. அது 1977 படத்துக்குச் சற்று முன்பு நடக்கும் கதை. அன்று எடுத்துப் பயன்படுத்தாமல் விட்ட படச்சுருள்கள் லூக்காஸ் ஃபிலிம் காப்பகத்தில் கிடைத்தன. சிவப்பு அணித் தலைவராக நடித்த ட்ரூ ஹென்லி, தங்க அணித் தலைவராக நடித்த ஆங்கஸ் மெக்இன்னஸ் இருவரும் அதே இளமையோடு புதுப் படத்தில் கட்டளையிட்டார்கள். அந்தச் சண்டையில் சிவப்பு ஐந்து என்ற அழைப்புப் பெயர் கொண்ட விமானி சாகிறான். நேற்று வந்த லூக்குக்கு அந்த எண் எப்படிக் காலியாகக் கிடைத்தது என்று யாரும் கேட்டிராத கேள்விக்கும் பதில் வந்துவிட்டது.

கற்பனைக் கலத்துக்கு இன்று நிஜ விலையும் நிஜ முகவரியும் இருக்கின்றன. 2013 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் லெகோ நிறுவனம் 53 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டைகளால் ஓர் எக்ஸ்-விங்கை நிறுத்தியது. கடையில் விற்கும் பொம்மையைவிட அது 42 மடங்கு பெரிது. மாடல் கலைஞர் கிரெக் ஜைன் 2022-ல் மறைந்த பிறகு, அவருடைய சேகரிப்பில் ஓர் அட்டைப்பெட்டிக்குள், நொறுங்காமல் இருக்கப் போடும் நுரைத் துண்டுகளுக்கு நடுவே, 1977 படத்தில் பயன்பட்ட மாடல் ஒன்று கிடைத்தது. பல பத்தாண்டுகளாக எங்கே போனது என்று சேகரிப்பாளர்கள் தேடிக்கொண்டிருந்த கலம் அது. 2023 அக்டோபரில் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தில் ஆரம்ப விலை நான்கு லட்சம் டாலர். முடிந்த விலை 31 லட்சத்து 35 ஆயிரம் டாலர்.

முழு அளவு டி-70 ஒன்றை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் தேசிய விமான-விண்வெளி அருங்காட்சியகம் லூக்காஸ் ஃபிலிமிடம் இரவல் வாங்கி, 2022 அக்டோபர் முதல் கோளரங்க வாசலில் தொங்கவிட்டிருக்கிறது. இறக்கை நீட்டம் 37 அடி. ரைட் சகோதரர்களின் விமானமும் அப்போலோ 11-ன் கலமும் இருக்கும் அதே கட்டிடம்தான். இது பொருந்துமா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. நிஜ விமானங்களிடம் அசைவையும், துப்பாக்கி அமைப்பையும், அழுக்கையும்கூடக் கடன் வாங்கிய கலம், அவற்றின் கூரையின் கீழ் ஒரு மூலையில் தொங்குவதில் பெரிய தப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

எதிரணி பற்றி இங்கே ஒரு பத்திதான் சொல்ல முடிந்தது. டை ஃபைட்டரையும் முதலில் வரைந்தவர் கான்ட்வெல்தான். அதன் அலறலை யானையின் பிளிறலோடு நனைந்த சாலையில் ஓடும் காரின் ஓசையைக் கலந்து உருவாக்கினார் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட். கேடயமே இல்லாத ஒரு கலத்தைப் பேரரசு ஏன் ஆயிரக்கணக்கில் கட்டியது, அதற்கான காரணங்களை யார் எப்போது எழுதிச் சேர்த்தார்கள் என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)